கடலோர ஊரில் எலக்ட்ரிக் கிட்டார்: முதல் மாதம் வாசிக்க, பல வருஷம் வைத்துக்கொள்ள

கிட்டார் பராமரிப்பைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனிக்காலத்தில் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும். அதனால் கிட்டார் பெட்டிக்குள் ஈர ஸ்பாஞ்ச் வையுங்கள், ஹியூமிடிஃபயர் வாங்குங்கள் என்று எழுதுகிறார்கள். டொராண்டோவில் இருக்கும் நம்மவருக்கு அது சரியான யோசனை. திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் அதைப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுபோய் வைத்தால், அடுத்த மாதம் கம்பியில் துருவும் பெட்டியின் உள்துணியில் பூஞ்சையும்தான் மிஞ்சும். நமக்கு எதிரிகள் வேறு: காற்றின் ஈரம், அதோடு வரும் உப்பு, நம் கை வியர்வை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது கிட்டாரைப் பையில் போட்டு, ஜிப் இழுத்து, பீரோ மேல் ஏற்றி வைத்தால் அது பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அதை இறக்கி, பையைத் திறந்து, கேபிள் தேடி, சுருதி சேர்த்து வாசிக்க வேலைநாள் ராத்திரி யாருக்கும் மனசு வராது. கற்க ஆரம்பித்து நிறுத்தியவர்களில் நிறையப் பேர் நின்றது இந்த இடத்தில்தான். ஆகவே கை நீட்டினால் எட்ட வேண்டும், ஆனால் விழக்கூடாது, நனையக்கூடாது, வெயிலில் வேகக்கூடாது. கீழே வருவது எல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

வீட்டுக்கு வந்த அன்று

கூரியரில் வந்திருந்தால் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதுதான் சாட்சி. சீரியல் நம்பரையும் ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். அது ஹெட்ஸ்டாக்கின் (கம்பி முறுக்கும் திருகுகள் உள்ள தலைப்பகுதி) பின்புறத்திலோ, நெக் (நீண்ட கழுத்துப் பகுதி) பாடியோடு சேரும் இடத்து உலோகத் தட்டிலோ இருக்கும்.

அப்புறம் பொறுமையாகப் பரிசோதனை. ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பாருங்கள். லேசான ஒரு வளைவு இருக்கலாம், முறுக்கிக்கொண்டு இருக்கக்கூடாது. நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் எனப்படும் குறுக்கு உலோகப் பட்டைகளின் முனைகள் கீறினால், மரம் காய்ந்து சுருங்கி உலோகம் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். ஆறு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி ஒருமுறை மீட்டிப் பாருங்கள். எங்காவது சத்தம் செத்துப்போகிறதா, கரகரவென்று அதிர்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சுவிட்சை எல்லா நிலைகளிலும் தள்ளிப் பாருங்கள். வால்யூம், டோன் குமிழ்களை முழுசாகத் திருப்புங்கள். கேபிள் செருகும் ஜாக்கை லேசாக அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்றும் பாருங்கள். இதில் ஏதாவது தப்பாக இருந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பி போகப் போகச் சரியாகும், ஜாக் ஆகாது.

யமஹா பசிஃபிகா, ஸ்கொயர், ஐபனீஸ் ஜியோ மாதிரி ஆரம்ப விலைக் கிட்டார்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ சீனாவிலோ செய்யப்பட்டு, கன்டெய்னரிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்துதான் நம் கைக்கு வருகின்றன. கூடவே வரும் கம்பிகள் அதற்குள் மங்கியிருக்கும். புதுக் கம்பி ஒரு செட் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஆரம்பிப்பவர்களுக்கு 9-42 என்ற மெல்லிய செட் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போதும், விரல் வலி குறையும்.

வாங்கும்போதே கடையில் ‘செட்டப் செய்து கொடுங்கள்’ என்று கேளுங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரம், நெக்கின் வளைவு, ஒவ்வொரு கம்பியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சரியான சுரம் கொடுக்கிறதா என்பது, இந்த மூன்றையும் திருத்தும் வேலை அது. ஃபெண்டர் நிறுவனம் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலுக்குச் சொல்லும் கம்பி உயரம் பதினேழாவது ஃப்ரெட்டில் சுமார் 1.6 மில்லிமீட்டர். உங்கள் கிட்டாரில் அது 3 மில்லிமீட்டர் இருந்தால் ஒவ்வொரு சுரத்தையும் மல்லுக்கட்டித்தான் அழுத்த வேண்டியிருக்கும். ‘எனக்கு விரல் பலம் போதவில்லை’ என்று நினைத்துக்கொண்டு கிட்டாரை மூலையில் வைத்துவிடுவீர்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை விரலில் இல்லை, செட்டப்பில்தான். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை மட்டும் முதல் வருஷம் நீங்களே திருப்பாதீர்கள். தெரிந்தவர் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள், அது போதும்.

சுருதி

தடித்த கம்பியிலிருந்து மெல்லியதுவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஹெட்ஸ்டாக்கில் கவ்வும் கிளிப் ட்யூனர் ஒன்று வாங்கினால் போதும், அது அதிர்வைப் படிப்பதால் பக்கத்தில் டிவி ஓடினாலும் குழம்பாது. சுருதி ஏறிவிட்டால் முதலில் கொஞ்சம் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பி தளர்ந்து மறுபடி இறங்கிவிடும். புதுக் கம்பி முதல் இரண்டு மூன்று நாள் இழுபடும், அடிக்கடி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்காகக் கிட்டாரைச் சந்தேகப்படாதீர்கள்.

பிரிட்ஜில் (பாடியில் கம்பிகள் உட்காரும் பகுதி) ஸ்பிரிங் வைத்த ட்ரெமலோ, அதாவது சுருதியை அசைக்கும் கைப்பிடி, இருந்தால் ஒரு கம்பியை முறுக்கும்போது மற்ற ஐந்தும் கொஞ்சம் இறங்கும். இரண்டு மூன்று சுற்று வந்தால்தான் நிலைக்கும். கம்பி மாற்றும்போது ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கம்பிகளை இருமுனையிலும் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற ட்ரெமலோ உள்ள கிட்டாரை முதல் கிட்டாராக வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. கம்பி மாற்றுவதே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

செருகுவதற்கு முன்

ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். கேபிளை இருபக்கமும் செருகியபின் ஆம்பை ஆன் செய்து, பிறகு வால்யூமை ஏற்றுங்கள். முடிக்கும்போது வால்யூமை இறக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ‘டப்’ என்று ஒரு அடி விழும், சின்ன ஸ்பீக்கருக்கு அது நல்லதில்லை.

எர்த் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. கேபிள் ஆம்போடு இணைந்திருக்கிறது. அதாவது நீங்கள் கம்பியைத் தொடும்போது ஆம்பின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதாகத்தான் அர்த்தம். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். 230 வோல்ட்டோடு அந்த வேலை கூடாது. கம்பியைத் தொட்டால் சுரீரென்று இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மெல்லிய ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வேறு கதை. ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் வீட்டு வயரிங்கிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும், ஃபேன் ரெகுலேட்டரும் மலிவான எல்இடி பல்பும் அதை இன்னும் கூட்டும். இந்தத் தொல்லைக்காகத்தான் 1955-இல் ஜிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை அடித்துக்கொள்ள வைத்தார். ஹம்பக்கர் பிறந்தது அப்படி. உங்களிடம் ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தால், உட்காரும் திசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் கணிசமாகக் குறையும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு ஹெட்போன் துளை உள்ள சிறிய ஆம்ப் ஒன்றே போதும். பக்கத்து வீட்டுக்காரரோடு சமாதானமாக ராத்திரி பதினோரு மணிக்கும் வாசிக்கலாம்.

முதல் வாரம்: குமிழ்களோடு விளையாடுங்கள்

புதிதாக வாங்கியவர்கள் நேராக டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்குவது) முழுக்க ஏற்றிவிடுவார்கள். ஆசைதான், புரிகிறது. ஒரு பத்து நிமிஷம் அதைச் செய்து தீர்த்துவிட்டு, அப்புறம் சுத்தமான ஒலிக்கு வாருங்கள். ஒரே கம்பியை மீட்டிக்கொண்டு பிக்கப் சுவிட்சை ஒவ்வொரு நிலையாக நகர்த்துங்கள். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் கூர்மையாகப் பேசும், நெக் பக்கத்தது உருண்டு வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் இடையில் வரும் இரண்டாம், நான்காம் நிலைகளின் கதை வேடிக்கையானது. 1954-இல் அந்தக் கிட்டார் வெளிவந்தபோது சுவிட்சுக்கு மூன்று நிலைகள்தான். வாசிப்பவர்கள் சுவிட்சை நடுவில் இழுத்து நிறுத்தி இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கப் பழகிக்கொண்டார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைக் கொண்டுவர 1977 ஆனது.

வால்யூம் குமிழைப் பத்திலேயே வைத்திருப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை ஏழுக்கு இறக்கிப் பாருங்கள். லேசாகக் கரகரத்துக்கொண்டிருந்த ஆம்ப் சுத்தமாகிவிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் வைத்த குமிழ் இல்லை அது. டோன் குமிழும் அப்படித்தான், ஒருவரும் தொடாததால் பாவம் அது துருப்பிடித்தே போகிறது.

விரலுக்கு முதலில் என்ன கொடுப்பது? பவர் கார்டு ஒன்று (கார்டு என்றால் பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது). ஆறாவது கம்பி, அதாவது தடித்தது, திறந்தபடி. ஐந்தாவதும் நான்காவதும் இரண்டாவது ஃப்ரெட்டில். இந்த மூன்றை மட்டும் சேர்த்து அடியுங்கள். ஒலிப்பது ச, ப, மேல் ச. காந்தாரம் இல்லை என்பதால்தான் டிஸ்டார்ஷன் போட்டாலும் அது கலங்காமல் நிற்கிறது. நாலு சுரக் கார்டு ஒன்றை அதே டிஸ்டார்ஷனில் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் காதில் விழும்.

அடுத்தது, உலகம் முழுக்க ராக் கிட்டார் பழகுபவர்கள் முதலில் விரல் பதிக்கும் மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசை. ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரலை வையுங்கள். ஆறாவது கம்பியில் 5, 8-ஆம் ஃப்ரெட்டுகள். ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளில் 5, 7. இரண்டாவதிலும் முதலாவதிலும் 5, 8. மெதுவாக மேலே போய்க் கீழே வாருங்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்: ச க ம ப நி, சுத்த தன்யாசியின் சுரங்கள். சுரங்கள் மட்டும்தான் ஒன்று, ராகமாக்குவது கமகம். அந்த வேலையைக் கிட்டாரில் கம்பியை இழுப்பதும் வழுக்குவதும் செய்யும். மூன்றாவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தி, கம்பியை மேல்பக்கமாகத் தள்ளி மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்குக் கொண்டுபோங்கள். சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க, இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டுங்கள், அதே பஞ்சமம் அங்கே இருக்கிறது. ஒரு விரலால் தள்ளாமல் பின்னால் இருக்கும் விரல்களையும் துணைக்கு வைத்துத் தள்ள வேண்டும். முதலில் பாதி தூரம்தான் போகும். பரவாயில்லை. சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கருவியில் இழுப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும்.

பயிற்சிக்குப் போனில் தம்புரா ஆப் ஒன்றைப் போட்டு, சுருதியை ‘ஏ’யில் வைத்து, அதன் மேல் இந்த ஐந்து சுரங்களை வைத்து மனசுக்குத் தோன்றியதை வாசியுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம் அப்புறம் வரட்டும். தினம் பதினைந்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட மேல். விரல் நுனி சில வாரங்களில் காய்த்துவிடும், அதுவரை வலிக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

வாசித்து முடித்ததும்

ஒரு பழைய பருத்தி பனியன் துணி கிட்டார் பக்கத்திலேயே இருக்கட்டும். கம்பிகளின் மேலே மட்டும் துடைத்தால் போதாது, துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்து நெக் நெடுக இழுங்கள். வியர்வை உப்பு தங்குவது அடிப்பக்கத்தில்தான். வாசிக்கும் முன் கை கழுவுவது இதைவிட முக்கியம். இதைச் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் கம்பியின் ஆயுள் இரண்டு மடங்கு வித்தியாசப்படும் என்று தாராளமாகச் சொல்வேன். மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கம்பிகளும் கிடைக்கின்றன. விலை அதிகம், ஆனால் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. கொசு விரட்டும் க்ரீம் பூசிய கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கிவிடும். விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும், போகாது.

ஃப்ரெட்போர்டு, அதாவது ஃப்ரெட்டுகள் பதித்த நெக்கின் முன்பக்கப் பலகை, கருப்பு அல்லது பழுப்பு நிறமாக, பூச்சில்லாமல் இருந்தால், கம்பி மாற்றும் சமயத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கும் எண்ணெயில் சில சொட்டு தடவித் துடைக்கலாம். நம் ஈரக் காற்றில் அதற்குமேல் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் காறிப்போய்ப் பிசுபிசுக்கும். வெளிர் நிற மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு மேலே பூச்சு இருக்கும், அதற்கு எண்ணெயே கூடாது. அந்தப் பழுப்பு மரம் பெரும்பாலும் நம் பக்கத்து மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் உலகச் சந்தையில் இந்தியன் ரோஸ்வுட். 2017-இல் ரோஸ்வுட் வகைகளின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது (செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் தளர்த்திவிட்டார்கள்) விலை குறைந்த கிட்டார்கள் பல ‘லாரல்’ என்ற மரத்துக்கு மாறின. அது நம் கருமருது.

எங்கே வைப்பது

கிட்டார்கள் வீட்டில் உடைவது பெரும்பாலும் ஒரே விதத்தில்: சுவரில் சாய்த்து வைத்தது சறுக்கி விழுந்து. ‘ஒரு நிமிஷம், போனை எடுத்துவிட்டு வருகிறேன்’ என்று சாய்த்து வைப்பீர்கள், காற்றில் கதவு ஆடினால் போதும். ஜிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகைக் கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும். ஜிப்சனில் வழக்கமாக 17 டிகிரி. மல்லாக்க விழுந்தால் முதலில் தரையில் மோதுவது ஹெட்ஸ்டாக்தான், ட்ரஸ் ராடுக்காகக் குடைந்ததால் மரம் மெலிந்திருக்கும் நட் (நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்துப் பட்டை) பக்கத்தில் முறியும். ஃபெண்டர் வகையில் ஹெட்ஸ்டாக் நேராக இருப்பதால் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்ளும். ஆக, முதல் விதி: உங்கள் கையில் இல்லாத கிட்டார் ஒன்று ஸ்டாண்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவர்க் கொக்கியில், இல்லையென்றால் பெட்டியில். கட்டில்மேல் வைப்பதும் கணக்கில் வராது, யாராவது உட்காருவார்கள்.

ஸ்டாண்ட் வாங்குவதென்றால் நெக்கையும் பிடித்துக்கொள்ளும் உயரமான வகையை வாங்குங்கள். பாடியை மட்டும் தாங்கும் குட்டை ஸ்டாண்ட், குழந்தையோ பூனையோ நாயோ இல்லாத வீட்டுக்குத்தான். ஸ்டாண்டின் ரப்பர் பற்றிப் பயமுறுத்தும் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய கிட்டார்களுக்கு, அதாவது ஜிப்சனுக்கும் ஃபெண்டரின் சில உயர்விலை மாடல்களுக்கும், உண்மையான ஆபத்து. ரப்பரிலும் வினைலிலும் உள்ள பொருள்கள் அந்த லாக்கரை உருக்கிக் கறையாக்கிவிடும். ஆரம்ப விலைக் கிட்டார்கள் பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சில் வருபவை, அவ்வளவு பயம் தேவையில்லை. எதற்கும் தொடும் இடங்களில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிடுங்கள், செலவில்லாத காரியம்.

என் ஓட்டு சுவர்க் கொக்கிக்குத்தான். வீடு பெருக்கித் துடைக்கும்போது யாரும் இடிக்க மாட்டார்கள், ஈரத் தரையிலிருந்து தள்ளி இருக்கும், கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் கையும் போகும். ‘தொங்கவிட்டால் நெக் இழுபட்டுப்போகுமே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 9-42 கம்பிகள் ஆறும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை ஏறக்குறைய 38 கிலோ. கிட்டாரின் எடை மூன்றரையிலிருந்து நாலு கிலோ. நாள் முழுக்க அந்த இழுப்பைத் தாங்கும் நெக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் கொக்கியை எந்தச் சுவரில் அடிக்கிறோம் என்பது பெரிய விஷயம். வெளிப்புறச் சுவர் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் அது ஈரம் குடித்து நிற்கும். பாத்ரூமை ஒட்டிய சுவரும் அப்படித்தான். சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் புகை, பூஜை அறைப் பக்கம் சாம்பிராணிப் புகை, இரண்டும் பிசுக்காகப் படியும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும், ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். இவற்றையெல்லாம் கழித்தால் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் உள்சுவர் ஒன்று மிஞ்சும். அங்கே டிரில் போட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை போகும் நீளத்தில் ரால் பிளக்கும் ஸ்க்ரூவும் போடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதற்கான தனி பிளக் கேட்டு வாங்க வேண்டும், சாதாரணது பிடிக்காது. கொக்கி ஆறடி உயரத்தில் இருந்தால் கிட்டாரின் அடிப்பாகம் தரையிலிருந்து மூன்றடி மேலே நிற்கும். மாட்டியதும் கையால் நன்றாகக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கிட்டாரைத் தொங்கவிடுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் ஸ்டாண்டோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பரண் கூடவே கூடாது. காங்கிரீட் கூரைக்கு அடியில் மே மாதத்து உஷ்ணம் அங்கேதான் தேங்கும். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம், துடைக்கும் தண்ணீரும் கரையானும் முதலில் வரும் இடம் அது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும் சூடு உள்ளே ஏறும்.

பெட்டியும் பையும் ஈரமும்

மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம். 40-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. சென்னையில் மழைக்காலக் காலைகளில் 85-ஐத் தாண்டிப் போவது சாதாரணம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. அறையில் ஒன்று வையுங்கள், ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். எலக்ட்ரிக் கிட்டாரின் பாடி கெட்டி மரம், மேலே தடித்த பூச்சு, அதனால் அக்கூஸ்டிக் கிட்டார்போல ஈரத்துக்கு வயிறு உப்பாது. பாதிக்கப்படுவது நெக்கும் உலோகமும். மழைக்காலத்தில் கம்பி திடீரென்று உயரமாகிவிட்டதுபோல் தோன்றினால் நெக் ஈரம் குடித்து முன்னால் வளைந்திருக்கலாம். உடனே திருத்தாமல் சுருதி சேர்த்து ஒரு வாரம் பாருங்கள்.

அன்றாடம் வாசிக்கும் கிட்டார் வெளியிலேயே இருக்கலாம், தினமும் துடைப்பதால். வாசிக்காத இரண்டாவது, மூன்றாவது கிட்டாருக்குத்தான் ஹார்டு கேஸ். உள்ளே சிலிக்கா ஜெல் ஒரு 100 கிராம், துணிப் பையில். ஆரஞ்சு நிற மணிகளாக வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும், அவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், சமையல் பாத்திரத்தோடு சேர்க்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகச் சேர்க்கும் டப்பாக்களை அலமாரியில் வேண்டுமானால் வையுங்கள், கிட்டார் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். அதில் சேர்வது உப்புத் தண்ணீர், கவிழ்ந்தால் பிக்கப்பும் பிரிட்ஜும் போச்சு. 49 சதவீதத்தில் நிறுத்தும் என்று விற்கும் இருவழிப் பாக்கெட்டுகளும் நல்லவைதான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே தளும்பிவிடும்.

அந்துருண்டை, கற்பூரம் இரண்டும் பெட்டிக்குள் கூடாது. அவற்றின் ஆவி பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பூச்சுக்கும் ஆகாது.

துணிப்பை எடுத்துக்கொண்டு போவதற்கு, வைத்துக்கொள்வதற்கு இல்லை. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் மழையையும் வியர்வையையும் குடித்து வாரக்கணக்கில் வைத்திருக்கும். வகுப்புக்கோ ஒத்திகைக்கோ போய்வந்ததும் கிட்டாரை வெளியே எடுத்துவிட்டு, பையைத் திறந்து மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே போகும்போது மட்டும் பை உதவும். குளிர்ந்த கம்பிமேல் வெளிக்காற்று பட்டதும் குளிர்பானப் பாட்டில்போல் முத்துமுத்தாக நீர் கோக்கும். போய்ச் சேர்ந்தபின் பையைத் திறக்காமல் அரை மணி விடுங்கள், சூடு சமமாகிவிடும்.

பீரோவில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தட்டு இல்லாத, துணி தொங்கவிடும் பாகத்தில் ஒரு மீட்டர் உயரம் கிடைத்தால் தாராளமாக வைக்கலாம். சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் அதே பாகத்தில். உள்சுவரை ஒட்டிய பீரோவாக இருக்கட்டும், ஈரத் துணியை அங்கே வைக்காதீர்கள். கரையான், திருட்டு, கைக்குழந்தை மூன்றுக்கும் இரும்பு பீரோ ஒரே பதில்.

ஊருக்குப் போகும்போது

ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மாதக்கணக்கில் போவதென்றால் எல்லாக் கம்பிகளையும் ஒரு சுரம் இறக்குங்கள். முழுக்கத் தளர்த்த வேண்டாம், ட்ரஸ் ராட் எதிர்ப்பக்கம் இழுத்து நெக்கைப் பின்னால் வளைத்துவிடும். ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அதையும் எஃபெக்ட் பெடல்களில் உள்ளதையும் கழற்றிவிடுங்கள், கசிந்தால் சர்க்யூட்டே போகும். வாசிக்கும் நாட்களிலும் ஆக்டிவ் கிட்டாரில் கேபிளைச் செருகி வைத்துவிட்டுப் போகாதீர்கள், கேபிள் உள்ளே இருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி மின்னல் காலத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலோடு 2023 டிசம்பரிலும் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்கள் எவை என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அக்டோபர் பிறந்ததும் கிட்டார்களை ஆளுயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள், ஆம்பை மேசைமேல் ஏற்றுங்கள், அல்லது மாடி வீட்டு நண்பரிடம் கொடுத்து வையுங்கள். நனைந்தே போய்விட்டால் ஆம்பில் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கம்பிகளைத் தளர்த்தி, பின்பக்க மூடியைத் திறந்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சேற்றைத் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் சில நாள் உலர விட வேண்டும். வெயிலிலோ ஹேர் ட்ரையரிலோ காட்டினால் மரம் வெடிக்கும். ஆம்ப் நனைந்திருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் நேராகப் போகட்டும்.

திரும்பி வந்ததும் சுருதியை ஏற்றி ஒரு நாள் விடுங்கள், நெக் பழைய இடத்துக்கு வரும். குமிழ்களைத் திருப்பும்போது ‘கர்கர்’ என்றால், ஒவ்வொன்றையும் இருபக்கமும் இருபது முப்பது தடவை திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேட்டு வாங்கி, பின்மூடியைத் திறந்து குமிழுக்குள் ஒரு பீச்சு. கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அதற்குப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு தங்கித் தூசியை இழுக்கும்.